ஆளுக்கு ஒரு பிடி

கல்லுமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
ராகலை.
12.2.1961

என் உடன்பிறந்தாள் மகன், மருமகன் கணேசமூர்த்திக்கு மாமன் செல்லசாமி எழுதுவது.

கதிர்காமத்தான் காவலில் நானும் வடிவும் இருக்கிறோம். எனக்கு இருமல் விடவில்லை. நான் வேலை செய்கிற தேயிலை ஸ்டோரில் தூசி பறக்கும்வரை அது விடாது. வடிவு வேளைக்குச் சாப்பிடுகிறாள். உன் உடம்பு எப்படி? கொழும்புச் சூடு பழகிவிட்டதா?

நேற்றுக் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஒரு தாளைப் படித்தார். மந்தபுத்தியுள்ள இளம் பிள்ளைகளுக்காக உன் கம்பனி நுவரெலியாவில் ஓர் இல்லம் கட்டப் போகிறதாம். கம்பனியின் எல்லாத் தோட்டங்களிலும் ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் பிடிப்பார்களாம். “இது தர்மம், சந்தோசமா குடுக்கணும்” என்றார். முப்பத்தெட்டு வருடத்தில் எங்களைச் சந்தோசமாக இருக்கச் சொல்லிப் பெரட்டில் கேட்டது இதுதான் முதல் தடவை.

நான் முன்னால் போய், “எம் மகளுக்கு அங்க இடம் உண்டாங்க?” என்று கேட்டேன். “முதல்ல கட்டட்டும்” என்றார்.

எனக்கு அறுபத்தொன்று. வடிவுக்குப் பதினெட்டு. அவளுக்கு இன்னும் செருப்பில் இடது வலது தெரியாது. உன் அத்தை மீனம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. எனக்குப் பிறகு இவள் எங்கே இருப்பாள் என்பதைத் தவிர இப்போது என் தலையில் வேறு யோசனை இல்லை. இடம் உண்டு என்று உன் ஆபீஸில் எழுதி வாங்கி அனுப்பு. அதுவரை சம்பளம் பிடிக்க நான் கைநாட்டும் வைக்கமாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன்.

உன் நலம் கோரும்,
செல்லசாமி


கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
3.3.1961

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். தங்கள் இருமலுக்குத் தோட்டத்து மருந்தை மட்டும் நம்பாமல், கடைக்கார மஃறூப் நானாவிடம் சொல்லி டவுனிலிருந்து மருந்து வரவழையுங்கள். வடிவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இல்லத்து வேலையைத் துரைமாரின் மனைவிமார் முன்நின்று நடத்துகிறார்கள். எழுத்து வேலையெல்லாம் எங்கள் பகுதிக்குத்தான் வருகிறது. எழுதிக் கேட்டால் தவறாக நினைப்பார்கள். தயவுசெய்து பெரட்டில் எதுவும் பேசாமல் அந்த ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு நல்ல செய்தி. நன்கொடைத் தாளில் போட ஒரு படம் தேடுகிறார்கள். நான் வடிவின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். படம் எடுக்க ஆள் வருவார். பெரியவர்கள் கண்ணில் அவள் முகம் பட்டால் நாளை இடம் கேட்கச் சுலபமாக இருக்கும்.

தங்கள் அன்புள்ள மருமகன்,
கணேசமூர்த்தி


ராகலை,
21.3.1961

மருமகனுக்கு,

இங்கே சுகம். மருந்து குடித்தேன். இருமல் இருக்கிறது, மருந்துதான் முடிந்துவிட்டது.

படக்காரர் வந்தார். நான் காலையிலேயே வடிவுக்குத் தலை சீவி, தீபாவளிக்கு எடுத்த பச்சைப் பாவாடையைக் கட்டிவிட்டு, லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்க வைத்திருந்தேன். கண்டாக்குவும் கூட வந்தார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். பிறகு கண்டாக்கு, “வேற பாவாடை இல்லியா, பழசா?” என்றார்.

“எதுக்குங்க?”

“இதுல எடுத்தா யாருக்கு மனசு இரங்கும்? கல்யாணத்துக்கு நிக்கிற மாதிரி நிக்கிறா.”

“கல்யாணந்தான் நடக்காது. பாவாடையாவது கட்டட்டும்” என்றேன்.

அவர் கோபப்பட்டார். நானும் கோபப்பட்டேன். கடைசியில் பாவாடை தெரியாமல் முகத்தை மட்டும் எடுப்பது என்று முடிவானது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். சிரிக்காதே என்று பத்துத் தடவை சொன்னார்கள். கால் வலித்து அவள் களைத்துப்போன பிறகு எடுத்தார்கள்.

சம்பளத்தையும் கொடுத்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை. வடிவின் பெயரில் ஒரு நாள், என் பெயரில் ஒரு நாள். நாளைக்கு யாரும் என்னைப் பார்த்து இனாமாகக் கேட்கிறாய் என்று சொல்லக்கூடாது.

செல்லசாமி


கொழும்பு,
8.4.1961

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். வேலை அதிகமானதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

படம் மிக நன்றாக வந்திருக்கிறது. பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு ஆபீஸ் மண்டபத்தில் மாட்டியிருக்கிறார்கள். என் மேசைக்கு நேர் எதிரே. தலை நிமிர்ந்தால் வடிவுதான். வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். வங்கிகளிலும் கடைகளிலும் வைக்கிற உண்டியல் டின்னிலும் அதே படம்.

பதினாறாம் தேதி நுவரெலியாவில் கம்பனியின் தர்மக் கண்காட்சி. வடிவைக் கூட்டிவரச் சொல்லித் தோட்டத்துக்கு உத்தரவு வந்திருக்கும். போய் வாருங்கள். எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை.

கணேசமூர்த்தி


ராகலை,
25.4.1961

மருமகனுக்கு,

உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, இருக்கிறது. நீ சாப்பாட்டைக் கவனி.

லொறியில் கூட்டிப் போனார்கள். ஏப்ரல் மாதத்து நுவரெலியாவை நீயும் பார்த்திருக்கிறாய். ஒரே பூ, ஒரே தொப்பி. மைதானத்தில் கயிறு கட்டி எங்களைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் கேக்குக் கடை, சீட்டுக் குலுக்கல், மட்டக்குதிரைச் சவாரி. வடிவை மட்டும் உள்ளே கூப்பிட்டு, ஒரு துரைசாணியிடம் பூச்செண்டு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தாள். பூவை முகர்ந்த அந்த அம்மாள் பலமாகத் தும்மிவிட்டார். யாராவது தும்மினால் வடிவு என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எல்லாரும் பயந்து பார்க்க, அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். அன்று முழுவதும் நடந்ததில் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

எவ்வளவு சேர்ந்தது என்று இங்கிலீஷில் சொன்னார்கள், கை தட்டினார்கள். எங்கள் பணமும் அதில் இருந்ததால் நாங்களும் தட்டினோம். இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மஃறூப் கடையிலும் அந்த டின் இருக்கிறது. “நம்ம வடிவுதானே நானா, நீங்க ஒண்ணும் போடலியா?” என்று கேட்டேன். “அவ டெய்லி கடைக்கு வாறா. அவ கையில நான் டொஃபி குடுக்கிறேன். டின்னுல போட்டா அது எந்த வழியா சுத்தி அவகிட்ட வரும்?” என்றார்.

ஒன்று கேட்கிறேன். படம் உன் மேசைக்கு எதிரே இருக்கிறது என்று எழுதினாய். வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள் என்றும் எழுதினாய். யார் இந்தப் பெண் என்று அவர்கள் கேட்டால் நீ என்ன சொல்கிறாய்? அதை எழுதவில்லை.

செல்லசாமி


கொழும்பு,
30.6.1961

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

நீண்ட நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். இடையில் காய்ச்சல் வந்து இப்போது சுகம். அங்கே மழை பலமாமே. லயத்துக் கூரை ஒழுகினால் ஐயாமாரிடம் சொல்லித் தகரம் போடச் செய்யுங்கள்.

இல்லத்துக்கான விண்ணப்பப் பாரம் இத்துடன் இருக்கிறது. தமிழில் நிரப்பினால் போதும், நான் இங்கிலீஷில் எழுதிக்கொள்கிறேன். முதல் தடவை இருபது பேரைத்தான் எடுக்கிறார்கள், சீக்கிரம் அனுப்புங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

கணேசமூர்த்தி


கொழும்பு,
2.10.1961

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

நான் நலம். தாங்கள் இதைப் படிக்கும்போது மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஜூலையில் தாங்கள் அனுப்பிய பாரத்தைக் கொடுத்தேன். கம்பனி வழக்கப்படி தோட்டத்து ஆபீஸில் விசாரித்திருக்கிறார்கள். அங்கிருந்து வந்த பதிலை நானே படித்தேன். சண்முகவடிவு மூன்று வருடமாக வேலையாள் பேர்ப்பட்டியலான செக்ரோலில் இருக்கிறாள், கொழுந்து பறிக்கும் கூட்டத்தில் தினமும் குறித்த இறாத்தல் எடுத்து முழுப்பேர் வாங்குகிறாள் என்று எழுதியிருக்கிறது. முழு நாள் வேலை செய்து முழுச் சம்பளம் வாங்குகிற ஆளை இல்லத்தில் சேர்க்க முடியாது என்று பாரத்தைத் தள்ளிவிட்டார்கள்.

மாமா, வடிவு எப்படி முழுப்பேர் வாங்குவாள்? நான் லயத்தை விட்டு வரும்போது அவளுக்குக் கொழுந்துக்கும் முற்றின இலைக்கும் வித்தியாசம் தெரியாதே.

கணேசமூர்த்தி


ராகலை,
15.10.1961

மருமகனுக்கு,

நலம் விசாரித்துக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். உன் அத்தை போன பிறகு செக்ரோலில் என் பேர் ஒன்றுதான் இருந்தது. இந்தத் தோட்டத்தில் ஒரு பேருக்கு லயத்தில் ஒரு முழு அறை, ஒரு காம்பரா, கிடையாது. வேறு குடும்பத்தோடு பாதிக் காம்பராவுக்குப் போ என்றார்கள். வயதுக்கு வந்த பெண்ணை, அதுவும் இவளை, அந்நியக் குடும்பத்துக்கு நடுவில் எப்படிப் படுக்க வைப்பேன்? வடிவை வேலைக்காரி என்று பேர் பதிந்தேன். கூடையை மாட்டி அனுப்பினேன். முதல் நாள் அவள் கூடையில் இருந்தது இரண்டு பிடி இலையும் ஒரு குருவி இறகும்.

காளியாயியை உனக்குத் தெரியும், பக்கத்துக் காம்பரா. அவள்தான் தொடங்கினாள். நிறுவைக்குப் போகும் முன் தன் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி வடிவின் கூடையில் போட்டாள். பின்னால் வந்தவளும் போட்டாள். கூட்டத்தில் இருபத்தாறு பெண்கள். ஆளுக்கு ஒரு பிடி. மூன்று வருடமாக, காலை நிறுவைக்கும் மாலை நிறுவைக்கும். நான் கேட்கவில்லை. அவர்களும் இதுவரை என்னிடம் சொல்லவில்லை. நான் ஸ்டோரில் கொழுந்து இறக்கும்போது மற்றவர்கள் பேசிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கொழுந்து சேர்ந்துதான் செக்ரோலில் வடிவு நல்ல வேலைக்காரி.

உண்மையைத் துரையிடம் சொன்னால் இருபத்தாறு பேருக்கும் தண்டனை. நான் சொல்லமாட்டேன். உன் கம்பனியின் இடம் எனக்கு வேண்டாம்.

ஏப்ரலில் நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை.

செல்லசாமி


ராகலை,
18.11.1961

மருமகனுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நான் எழுதியது ஒன்று, நடந்தது ஒன்று. மனம் கசந்து போய் இரண்டு நாள் வடிவைக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பவில்லை. மூன்றாம் நாள் காளியாயி வாசலில் வந்து நின்றாள்.

“என்னாண்ணே, புள்ளைய ஏன் அனுப்பல? காச்சலா?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் உட்கார்ந்து சிரித்தாள். “நல்ல வேலைக்காரியா? இந்தத் தோட்டத்துலயே அவ ஒருத்திதான் நல்ல வேலைக்காரி போங்க. நம்ம எல்லாரையும் வேலை வாங்கிட்டாள்ல.” பிறகு, “போயி தொரைகிட்ட சொல்லுங்க” என்றாள்.

“சொன்னா ஒங்க எல்லாருக்கும் பேரு வெட்டுவாங்க.”

“வெட்டட்டும். நீங்க போன பொறகு யாரு பாப்பா? நானா? எனக்கு ஒங்களவிட ரெண்டு வயசுதான் கொறவு. நாங்க கூடையத்தான் ரொப்புவோம். குளிப்பாட்டிச் சோறு ஊட்ட யாரு இருக்கா?”

“எவங்கிட்டயும் நான் தலை குனிஞ்சதில்ல காளியாயி.”

“தெரியும். அதையும் ஒரு தடவ பாத்துட்டுப் போறோம்.”

மறுநாள் ஆபீஸ் வாசலில் நின்றேன். துரை கேட்டார், கண்டாக்கு தமிழில் சொன்னார். “மூணு வருசமா கம்பனிய ஏமாத்தியிருக்க” என்றார் கண்டாக்கு. “கொழுந்து எல்லாம் கம்பனிக்குத்தானேங்க வந்துச்சு. ஒரு பிடிகூட வெளிய போகல” என்றேன். அதை அவர் துரைக்கு இங்கிலீஷில் சொல்லவில்லை.

வடிவின் பேரை வெட்டிவிட்டார்கள். பெண்களுக்கு ஆறு நாள் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். எனக்குக் காம்பரா போனது. காளியாயி வீட்டோடு பாதிக் காம்பரா, நடுவில் சாக்கு கட்டியிருக்கிறோம். ஆறு நாளும் பெண்கள் என்னிடம் பேசியது வழக்கம்போலத்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வடிவு வேலைக்காரி இல்லை என்று துரை இல்லத்துக்குக் கடிதம் எழுதித் தந்து, புதுப் பாரமும் கொடுத்தார். எங்களுக்கு இல்லாத பிரஜாவுரிமையைக் கேட்காத ஒரு தாளை இந்த நாட்டில் இப்போதுதான் பார்க்கிறேன். இரண்டையும் இதில் வைத்திருக்கிறேன். முன்பு இல்லாத ஒரு வரி இதில் இருக்கிறது. தகப்பன் காலத்துக்குப் பிறகு பிள்ளைக்குப் பொறுப்பானவர் யார், என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்கள். இல்லம் மூடுகிற மாதங்களில் அவர்தான் கூட்டிப்போக வேண்டுமாம்.

அந்த வரியை நான் நிரப்பவில்லை. பாரத்தை ஆபீஸில் கொடு.

செல்லசாமி


ராகலை,
4.2.1962

மருமகனுக்கு,

இரண்டரை மாதம் ஆகிறது. தபால் தொலைந்திருந்தால் எழுது. தொலையவில்லை என்றாலும் எழுது.

இப்போது தண்ணீர்க் குடத்தை நான் தூக்குவதில்லை, மூச்சு வாங்குகிறது. ஸ்டோரில் சித்திரை மாதத்தோடு வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள். வடிவு சாக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருக்கிறாள்.

செல்லசாமி


கொழும்பு,
11.3.1962

மாமா அவர்களுக்கு,

தபால் தொலையவில்லை. பாரம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. தினமும் திறந்து பார்த்து மூடினேன்.

ஏப்ரலில் தாங்கள் கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். யார் இந்தப் பெண் என்று கேட்டவர்களிடம் எல்லாம், ராகலைப் பக்கத்து ஏதோ ஒரு தோட்டத்துப் பிள்ளை, எனக்குத் தெரியாது என்றேன். இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது நான் கண்டி டவுன்காரன், தகப்பனார் கடை வைத்திருந்தார் என்று சொல்லியிருந்தேன். வடிவின் பெயரைக் கொடுத்தபோதுகூட, அப்படி ஒரு பெண் இருப்பதாகக் கேள்வி என்றுதான் சொன்னேன். தகப்பன் இல்லாத என்னைத் தாங்களும் அத்தையும் அந்தக் காம்பராவில் வைத்துப் படிக்க வைத்ததை இங்கே ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான்.

புது இல்லத்து மண்டபத்தில் மாட்டுவதற்காகப் இரண்டு வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை படத்தை இறக்கினார்கள். இறக்கியவன் ஏணியில் நின்றுகொண்டு, “இது உயிரோட இருக்கா, செத்துப் போச்சா?” என்று என்னிடம் கேட்டான். நான் இழுப்பறையைத் திறந்தேன். அந்த வரியில் என் பெயரை எழுதினேன். உறவு: மாமன் மகள். பெரிய கிளாக்கரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “உன் சொந்தமா?” என்றார். “ஆமாங்க” என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. அன்று மத்தியானத்திலிருந்து ஆபீஸில் என்னோடு பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இடம் கிடைத்துவிட்டது. ஜூன் முதலாம் தேதி கூட்டிவரச் சொல்கிறார்கள். என்ன எழுதியும் தங்கள் மனம் ஆறாது என்று தெரியும். தங்கள் உடம்பு எப்படி என்று ஒரு வரி எழுதுங்கள்.

கணேசமூர்த்தி


ராகலை,
20.3.1962

மருமகன் கணேசமூர்த்திக்கு,

உடம்பு அப்படியேதான். வடிவு சுகம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மனம் ஆறவில்லை. ஒரு வரி எழுத நாலு மாதம் எடுத்தாய், ஏப்ரலில் கேட்டதற்குப் பதில் எழுத ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தாய். அதை மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். நன்றி என்று எழுதினாலும் பொய். எழுதிவிட்டாய், அது போதும்.

மே மாதம் முப்பதாம் தேதி இரவு வண்டி ஏறு. மறுநாள் காலை நானுஓயாவில் இறங்கி பஸ் பிடித்து இங்கே வந்துவிடு. வண்டிக்காசு நான் தரமாட்டேன். காளியாயி உனக்குச் சோறு வைப்பாள், திட்டுவாள், இரண்டையும் வாங்கிக்கொள். முதலாம் தேதி விடிந்ததும் வடிவைக் கூட்டிக்கொண்டு நீ போ.

நுவரெலியா பஸ் நிலையத்தில் அவள் கையை விடாதே, சத்தம் கேட்டால் ஓடுவாள். சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவாள், அதற்கு அடிக்கக்கூடாது என்று அங்கே இருப்பவர்களிடம் சொல். குளிர்ந்த தண்ணீரில் குளிக்கமாட்டாள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், இங்கிலீஷில் மாற்றிக் கொடு.

நான் வரவில்லை. கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே. நான் வாசலில் நின்றால் அவள் உள்ளே போகமாட்டாள். நானும் விடமாட்டேன்.

இப்படிக்கு,
செல்லசாமி